சாவி என் கையில், மேளம் உள்ளே

கலை நிலையத்தின் வாசல் மேசையில் இருப்பவளுக்கு ஆடத் தெரியத் தேவையில்லை, பாடத் தெரியத் தேவையில்லை, வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரிந்தால் போதும் என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லிவிட்டார்கள். முதல் இரண்டும் எனக்கு வராது. மூன்றாவதை முயன்று பார்த்தேன்.

ஜெர்மனியில் டோர்ட்மண்ட் நகரில் எங்கள் பகுதிச் சனத்துக்காக நடக்கும் சின்ன நிலையம் அது. கீழே இரண்டு மண்டபம், ஒரு சாமான் அறை. மேலே ஆட்கள் குடியிருக்கும் வீடுகள். நான் ஊரில் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள். இங்கே வந்து பல வருடம் மற்றவர்களின் வீடுகளைத் துடைத்தேன். முழங்கால் மறுத்த பிறகு இந்த மேசை கிடைத்தது. பெயர் பதிவது, ஃபோன் எடுப்பது, மண்டபம் திறப்பது, பூட்டுவது. இரண்டாயிரத்து மூன்றில் கரீபியன் தீவான ஹெய்ட்டியிலிருந்து வந்த மிரேய் என்ற பெண் வியாழக்கிழமைகளில் வகுப்புத் தொடங்கினாள். அவளுடைய நாட்டு நடனம், பாட்டு, கதை எல்லாம் அதற்குள் வரும். தம்பி ஜோசெஃப் மேளம் அடிப்பான். அந்த மேளத்தால் நான் பட்டதைத்தான் எழுதுகிறேன். மேசைக்குப் பின்னால் இருந்து ஊராருக்கெல்லாம் பதில் சொல்லிப் பிழைக்கிறவர்களே, உங்களுக்கு நான் அதிகம் விளக்கத் தேவையில்லை.

இறகு இல்லாத நடனம்

முதலில் வகுப்பின் ஒழுங்கைச் சொல்லிவிடுகிறேன். மூன்று மேளம் இருக்கும். பெரியதைத் தாய் என்பார்கள். ஆட வந்தவர்கள் எல்லோரும் முதலில் மேளம் இருக்கும் பக்கம் போய், குனிந்து நிலத்தைத் தொட்டு வணங்க வேண்டும். மேளம் பதிலுக்கு அடிக்கும். அது அடித்த பிறகுதான் நிமிரலாம். அதுவரை எவ்வளவு நேரமானாலும் குனிந்தபடிதான். மிரேய் இதில் ஒருவருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டாள். எங்கள் பிள்ளைகள் நிலம் தொட்டுக் கும்பிட்டு ஆடுவதைப் பார்த்த எனக்கு அதில் கேட்க ஒரு கேள்வியும் இருக்கவில்லை.

மற்றவர்களுக்கு இருந்தது. மினுங்குகிற உடுப்போடு ஒரு பெண் வந்து, தலையில் செருகும் கார்னிவல் இறகுகளை நிலையம் தருமா, தாங்களே கொண்டுவர வேண்டுமா என்று கேட்டாள். இறகு இல்லை என்றேன். முகம் வாடிவிட்டது. அன்று மிரேய் பழக்கியது, முழங்காலை மடக்கி, முன்னால் சாய்ந்து, முதுகை அலை மாதிரி ஓடவிடுகிற ஆட்டம். பார்க்கத் தண்ணீர் மாதிரி இருக்கும். ஆடுகிறவருக்குத்தான் தொடையின் வலி தெரியும். பாதி வகுப்பில் அந்தப் பெண் நொண்டிக்கொண்டு வந்து பெயரை வெட்டச் சொன்னாள். வாசலில் நின்று இதையும் சொன்னாள்: “கரீபியன் என்றால் விடுமுறைக்குப் போன மாதிரி இருக்கும் என்று வந்தேன், இது உருளைக்கிழங்குத் தோட்டத்தில் வேலை செய்கிற மாதிரி இருக்கிறது.”

ஊசி குத்த வந்தவர்

கோட்டும் கழுத்துப்பட்டியுமாக ஒருவர் வந்தார். சுற்றும் பார்த்துவிட்டு மேசையில் சாய்ந்து, பொம்மையில் ஊசி குத்துவதை எந்த மாதத்தில் சொல்லித்தருவார்கள் என்று கேட்டார். பகிடி என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை.

எனக்குக் கோபம் ஏறியது. எனக்கு ஏற்கெனவே பிரஷர். யோகா வகுப்புக்கு வருகிற ஒருவரும் ஆணிப் படுக்கை எங்கே என்று கேட்பதில்லை. இந்தப் பெண்ணிடம் மட்டும் வாரத்துக்கு ஒருவராவது ஊசி கேட்டு வருகிறார்கள். மிரேய் உள்ளேயிருந்து வந்து பொறுமையாக விளக்கினாள். வூடூ என்பது தன் சனத்தின் சமயம், முன்னோரை நினைப்பது, பாட்டும் மேளமும் ஆட்டமும் அதோடு சேர்ந்தவை, ஊசியும் பொம்மையும் சினிமாக்காரர் கட்டிவிட்டது என்று. அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பிறகு, பெரிதாக ஒன்றும் வேண்டாம், தன் மேலாளருக்கு லேசான முதுகுவலி வந்தாலே போதும் என்றார். மிரேய் சொன்னாள்: “அவரையே வகுப்புக்கு அனுப்புங்கள், முதுகுவலி தானாக வரும்.”

பூசணிக்காய்ச் சூப்

அடுத்த வருடம் ஜனவரியில் விடுமுறை கழிந்து முதல் வியாழன், மிரேய் பெரிய பானையில் பூசணிக்காய்ச் சூப் கொண்டுவந்தாள். அவளுடைய சனம் பிரெஞ்சுக்காரரிடம் அடிமையாக இருந்த காலத்தில் அந்தச் சூப்பைக் காய்ச்சியது அடிமைகள், குடித்தது முதலாளிமார். காய்ச்சியவர்களுக்கு ஒரு கரண்டியும் இல்லை. நாடு விடுதலையானபோது எல்லோரும் அதைக் குடித்தார்களாம். அதுதான் ஒவ்வொரு ஜனவரி முதலாம் திகதியும் ஹெய்ட்டி வீடுகளில் அந்தச் சூப். அந்த முறை விடுதலையாகி இருநூறு வருடம். மிரேய் கதையைச் சொல்லிவிட்டுப் பாடினாள், ஜோசெஃப் கையால் மெல்லத் தட்டினான்.

மற்றவர்களின் அடுப்பைத் துடைத்தே என் பாதி வயது போனது. நான் பாதிச் சூப்போடு கோப்பையை வைத்துவிட்டேன். மற்றவர்களுக்கு அப்படி ஒன்றும் இல்லை, இரண்டாம் கோப்பையும் வாங்கினார்கள். வகுப்புக்கு ஒழுங்காக வருகிற ஒரு சீமாட்டி வழித்துக் குடித்த கோப்பையை என் கையில் தந்து சொன்னார்: “சூப் மிக நன்றாக இருந்தது, அடிமைக் கதையை மட்டும் சாப்பாட்டுக்குப் பிறகு சொல்லியிருக்கலாம்.”

கதவைச் சாத்தும்

ஜெர்மன்காரரை மட்டும் குறை சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அதே வியாழக்கிழமை பக்கத்து மண்டபத்தில் எங்கள் பிள்ளைகளுக்குப் பரதநாட்டியம். தாய்மார் விறாந்தையில் தேநீரோடு இருப்பார்கள். அவர்களுக்குத் தலைவி மாதிரி சிவமலர் அக்கா. ஒருநாள் மேளம் தொடங்கியதும் என்னைக் கூப்பிட்டார்.

“பரமேஸ், உந்தக் கதவைச் சாத்தும். பறை அடிக்கிற மாதிரிக் கிடக்கு.”

“பறைக்கு என்னக்கா? அதுவும் தோல்தானே. உங்கட பிள்ளையள் ஆடுற மிருதங்கமும் தோல்தான்.”

“விளங்காத மாதிரிக் கதையாதையும். ஊரில உது ஆர் அடிக்கிறவை எண்டு உமக்குத் தெரியாதே?”

தெரியும். எங்கே அடிப்பார்கள், எந்த வீட்டு வாசல் படலைக்கு வெளியே நிற்கவைக்கப்பட்டார்கள் என்பதும் தெரியும். நாங்கள் அகதியாக ஓடிவந்தபோது வழியில் எதையெல்லாம் தொலைத்தோம். நகை, படம், பள்ளிச் சான்றிதழ், சிலருக்குப் பிள்ளை. இதை மட்டும் ஒருவரும் தொலைக்கவில்லை, பத்திரமாக ஜெர்மனி வரை கொண்டுவந்து சேர்த்துவிட்டார்கள்.

“அடிச்சவையையும் தெரியும், அவையை வெளியில நிப்பாட்டினவையையும் தெரியும் அக்கா. கதவு சாத்த ஏலாது. உள்ளுக்குப் பதினைஞ்சு பேருக்குக் காத்து வேணும்,” என்றேன். மற்றத் தாய்மார் தேநீர்க் கோப்பைக்குள் பார்த்தார்கள். சிவமலர் அக்கா சேலைத் தலைப்பைச் சரிசெய்தபடி சொன்னார்: “ஏன் கோவிக்கிறீர், நான் சத்தத்தைத்தானே சொன்னனான்.”

செவ்வாய்க்கிழமைச் சத்தம்

முதல் மாடியில் ஃபிராவ் வெபர் என்று ஒரு வயதான பெண். இங்கே பெயருக்கு முன்னால் பெண்ணுக்கு ஃபிராவ், ஆணுக்கு ஹெர் போட வேண்டும். ஒரு புதன்கிழமை காலை தடியை ஊன்றிக்கொண்டு இறங்கி வந்தார். செவ்வாய்க்கிழமை இரவெல்லாம் தன் கண்ணாடி அலுமாரியில் கோப்பைகள் நடுங்குகின்றன, கொஞ்சம் குறைக்க முடியுமா என்று மரியாதையாகத்தான் கேட்டார். செவ்வாய்க்கிழமை எங்களிடம் நடப்பது உடற்பயிற்சி வகுப்பு. என் இடுப்புயரத்துக்கு இரண்டு ஒலிபெருக்கி வைத்துக் குதிப்பார்கள். அதற்கு ஆட்களும் அதிகம்.

நிலையப் பொறுப்பாளர் ஹெர் க்ரூகரிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். அவர் நகம் பார்த்துக்கொண்டே கேட்டார். அடுத்த வாரம் முடிவு வந்தது. ஹெய்ட்டி வகுப்பின் மேளங்களைச் சாமான் அறையில் வைத்துப் பூட்ட வேண்டும், இனி சீடி போட்டு ஆடலாம். நான் திரும்பப் போய், ஃபிராவ் வெபர் சொன்னது செவ்வாய்க்கிழமை, மேளம் வியாழக்கிழமை என்று விரல் விட்டு எண்ணிக் காட்டினேன். என் ஒப்பந்தம் வருடா வருடம் அவர் கையெழுத்தில் ஓடுகிறது, அந்தப் பயமும் இருந்தது. அவர் கோபிக்கவில்லை. சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னார்: “முறைப்பாடு சத்தத்தைப் பற்றியது ஃபிராவ் பரமேஸ், இந்த வீட்டில் சத்தம் என்றால் மேளம்தானே.”

தட்டு பார்க்குமா

க்ரூகர் தானே ஒரு சீடி வாங்கி வந்து மிரேயிடம் நீட்டினார். அவள் அதைத் தொடவில்லை. “மேளம் ஆடுகிறவளைப் பார்த்து அடிக்கும். என் கால் களைத்தால் அதற்குத் தெரியும். இந்தத் தட்டு என்னைப் பார்க்குமா?” என்று கேட்டாள். இப்போதெல்லாம் ஒலி மிகத் துல்லியம் என்றார் அவர்.

அவர் போன பிறகு மிரேய் என் மேசைக்கு வந்தாள். இரண்டு சனிக்கிழமை கழித்து, நிலையத்தை ஊருக்கெல்லாம் திறந்து காட்டும் திறந்த நாள். அதில் ஆட ஒப்புக்கொண்டாயிற்று, ஆடுவோம், மேளம் திரும்பாவிட்டால் அதுவே கடைசி என்றாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மேளங்களை உள்ளே வைத்துப் பூட்டியது என் கைதான். தமிழ்த் தாய்மாரைப் பார்த்து என்னை அக்கா என்று கூப்பிடப் பழகியிருந்த ஜோசெஃப், நான் பூட்டும்போது பக்கத்தில் நின்றான். பெரிய மேளத்தைக் காட்டிச் சொன்னான்: “தாயை நிமிர்த்தி வை அக்கா, சரித்து வைத்தால் தோல் கோவித்துக்கொள்ளும்.”

திறந்த நாள்

கேக், கோப்பி, பலூன், உள்ளூர்ப் பத்திரிகையிலிருந்து படம் பிடிக்க ஒரு பெடியன். பரதப் பிள்ளைகள் ஆடி முடித்துவிட்டார்கள், சிவமலர் அக்கா நடுவரிசையில். ஃபிராவ் வெபர் முன்வரிசையில் கேக் தட்டோடு. சாமான் அறைக் கதவு மண்டபத்தின் பின்சுவரில், கதிரைகளுக்கெல்லாம் பின்னால். சின்னப் பிள்ளைகள் உள்ளே போகாமல் கதவடியில் நிற்கச் சொல்லியிருந்தார் க்ரூகர். கழுத்தில் சாவியோடு நின்றேன்.

சீடி பாடத் தொடங்கியது. மிரேயும் அவளுடைய பதினைந்து பேரும் வெள்ளைப் பாவாடையோடு மேடையடிக்கு வந்தார்கள். ஏறவில்லை. கதிரைகளுக்கு நடுவால் நேரே என்னை நோக்கி நடந்து வந்தார்கள். எனக்கு முன்னால் வரிசையாகக் குனிந்து நிலத்தைத் தொட்டார்கள். அப்படியே நின்றார்கள்.

ஒரு மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நிலம் பிளந்து உள்ளே போனால் நல்லது என்று இருந்தது எனக்கு. சிவமலர் அக்கா கதிரையில் முழுதாகத் திரும்பி, “என்ன பரமேஸ், உமக்கே கும்பிடுகினம்?” என்றார்.

“எனக்கில்லையக்கா. எனக்குப் பின்னால பூட்டிக் கிடக்கிறவைக்கு.”

மேடையில் ஒருவரும் இல்லாமல் சீடி தானே பாடி முடிந்தது. அவர்கள் நிமிரவில்லை. மேளம் பதில் சொல்லாமல் நிமிர முடியாதே. மூட்டுவலிக்காரி ஒருத்தியின் கால் நடுங்குவது எனக்குத் தெரிந்தது. அடிமைக் கதை வேண்டாம் என்ற சீமாட்டியும் அந்த வரிசையில் குனிந்துதான் நின்றார், அதையும் சொல்ல வேண்டும். ஃபிராவ் வெபர் எழுந்து, இவர்கள் எதற்காகக் காத்திருக்கிறார்கள் என்று கேட்டார். மேளத்துக்காக என்றேன். மேளம் எங்கே என்றார். நீங்கள் முறைப்பாடு சொன்னதால் பூட்டியிருக்கிறது என்றேன்.

“நானா?” தடியை நிலத்தில் குத்தினார். “நான் சொன்னது செவ்வாய்க்கிழமைக் குதிப்பை. வியாழக்கிழமை மேளம் கேட்டுக்கொண்டுதான் நான் உடுப்பு மடிப்பேன்.”

க்ரூகர் சிவந்த முகத்தோடு வந்து, திறவுங்கள் என்று என் காதடியில் முணுமுணுத்தார். அப்போது என் ஒப்பந்தம், பிரஷர், முழங்கால் ஒன்றும் எனக்கு ஞாபகம் வரவில்லை. “முன்வரிசையில் இருப்பவர்களுக்குக் கேட்கவில்லை ஹெர் க்ரூகர், சத்தமாகச் சொல்லுங்கள்,” என்றேன். சொன்னார். சத்தமாகவே சொன்னார். திறந்தேன். ஜோசெஃப் தாய் மேளத்தைத் தூக்கி வெளியே வைத்து அடித்தான், அவர்கள் நிமிர்ந்தார்கள், மேடையை விட்டுவிட்டு அங்கேயே, கதிரைகளுக்கு நடுவிலேயே ஆடினார்கள். க்ரூகர் கைதட்டியபடி பத்திரிகைப் பெடியனிடம் சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது: “எங்கள் நிலையத்தில் மேளத்துக்கு எப்போதும் தனியிடம் உண்டு, எழுதிக்கொள்ளுங்கள்.”

இப்போதும் வியாழக்கிழமை மேளம் அடிக்கிறது, க்ரூகர் மெல்ல அடிக்கச் சொல்கிறார், சிவமலர் அக்கா கதவைச் சாத்தச் சொல்கிறார், நானும் வேலைக்குச் சேர்ந்த அன்று சொன்னபடி வாயை மூடிக்கொண்டு கதவைத் திறந்தே வைத்திருக்கிறேன்.