கோழிக்குக் கோழி இறகு

மல்லாபூரில் வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு முட்டைக்கோழி வளர்க்கிறேன். பக்கத்துச் சைனிக்புரியில் என் முட்டை என்றால் கேள்வி கேட்காமல் வாங்குவார்கள். "தானியமும் புண்ணாக்கும் தவிர என் கோழி வேறெதையும் தொடாது" என்று வாசல் வாசலாய்ச் சொல்லி வாங்கிய பெயர் அது.

சோயாப் புண்ணாக்கு விலை ஏறியதும் மகன் ஒரு மூட்டை கொண்டுவந்து இறக்கினான். கறிக்கடையில் கழிக்கிற இறகை நீராவியில் வேகவைத்து, காயவைத்து அரைத்த பொடி. புண்ணாக்குச் சத்து இதிலும் உண்டாம்.

"கோழிக்கே கோழி இறகா? நக்கோ, வேண்டாம். வெளியே வை."

"நீயா தின்னப்போற? அது தின்னப்போகுதும்மா."

"அது போடுற முட்டையை நான்தானடா விக்கணும்."

மூட்டை வாசலில் கிடந்தது. புண்ணாக்கைக் குறைத்தோம். சத்துப் போதாமல் கொஞ்ச நாளில் கோழிகள் ஒன்றின் முதுகை ஒன்று கொத்த ஆரம்பித்தன. முதுகெல்லாம் மொட்டை, ரத்தம். ஒரு கோழி பக்கத்துக் கோழியின் இறகைப் பிடுங்கி அப்படியே விழுங்கியதை என் கண்ணால் பார்த்தேன். அதற்குப் பிறகு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. சோற்றில் கை வைத்தால் கொட்டகையில் கூச்சல் கேட்கும், எழுந்து ஓடுவேன்.

ஊர் இறகு எதற்கு, என் கொட்டகை இறகையே சுத்தமாய் வேகவைப்போம் என்று பழைய குக்கரில் போட்டேன். விசில் மேல் விசில். திறந்தால் இறகு இறகாகவே இருந்தது. நாற்றம் மட்டும் தெருக்கோடி வரை போயிருந்தது.

மகன் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தான். "ரசமாம்மா? அதுக்குப் பெரிய மிஷின் வேணும்."

மறுநாள் மூட்டையை நானே பிரித்தேன். தீவனத்தில் கொஞ்சம் கொஞ்சமாய்க் கலந்தேன். கோழிகள் தின்றன. முட்டையை அவித்துத் தின்று பார்த்தேன், வாடை இல்லை. ஆனாலும் மனசு அடங்கவில்லை. சைனிக்புரியில் நான் சொன்ன சொல் என்னாவது?

முதல் வாசலிலேயே சொல்லிவிட்டேன். பட்டாளத்தில் இருந்தவர் வீட்டம்மா, தமிழ்க்காரி.

"இப்ப என் கோழி இறகுப்பொடியும் தின்னுதும்மா."

முட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "தானியம்னு சொல்வீங்களே?"

"சொன்ன வரைக்கும் அதான் போட்டேன். இப்ப மாறிடுச்சு, அதனால சொல்றேன்."

எப்போதும் இரண்டு அட்டை முட்டை எடுப்பவள், "ஒண்ணு குடுங்க. சாப்பிட்டுப் பாத்து போன் பண்றேன்" என்றாள்.

வாரம் தாண்டியும் போன் வரவில்லை. போனை இடுப்பில் செருகிக்கொண்டு கொட்டகைக்கும் வாசலுக்குமாய் நடக்கிறேன். கொத்துவது குறைந்திருக்கிறது. இன்று ஒரு கோழியைப் பிடித்து முதுகைத் தடவினேன். முள் முள்ளாய்ப் புது இறகு.

நாளைக்கு அந்த வாசலுக்கு நானே போவேன். முட்டை எப்படி என்று நேரில் கேட்பேன்.