மகளுக்கு ஒரு பந்தயக் கார்

தெற்கு லண்டன் மைதானத்தில் ஞாயிறு மாலை. பாரிஸிலிருந்து வந்திருக்கும் என்னை, சட்டனில் வசிக்கும் நண்பன் ரவி குடும்பத்தோடு ஸ்டாக் கார் பந்தயத்துக்கு அழைத்து வந்திருக்கிறான். கார்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஓடுகின்றன. ரவியும் மனைவி வசந்தியும் இரண்டு மகள்களும் தொண்டை கட்டக் கத்துகிறார்கள். அவர்களுக்குப் பிடித்த சிவப்புக் கார், இன்னொரு கார் இடித்ததில் வேலியில் மோதி நசுங்குகிறது. பந்தயம் முடிந்ததும், இடித்தவனே சுத்தியலோடு வந்து அதை நிமிர்த்த உதவுகிறான்.

"இங்க எல்லாரும் ஒரு குடும்பம்தான் அண்ணை," என்கிறாள் வசந்தி. "விசா கிடைச்சு உங்கட மனுசியும் மகளும் யாழ்ப்பாணத்திலயிருந்து வந்தவுடன கூட்டிக்கொண்டு வாங்கோ."

"ஓம், கட்டாயம் வாறம்."

அடுத்த பந்தயத்துக்குக் கார்கள் வருகின்றன. மகளுக்காக ஆதரிக்க ஒன்றைத் தெரிவுசெய்யப் பார்க்கிறேன். அவளைப் பிரிந்து ஆறு வருடமாகிறது. அவளுக்கு எந்த நிறம் பிடிக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.