அளவு ரவிக்கை

மரியஅந்தோணிக்குப் பொய் சொல்ல வராது என்று தாராவியில் அவன் குடியிருந்த வரிசையில் எல்லோரும் நம்பியிருந்தார்கள். மாட்டுங்கா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பெட்டிகளுக்குப் பெயின்ட் அடிக்கிற வேலை. சாயங்காலம் வந்ததும் மண்ணெண்ணெய் போட்டுக் கையைத் தேய்ப்பான். ஞாயிற்றுக்கிழமை முதல் பூசைக்குப் போவான். குடி இல்லை, வம்பு இல்லை, பேச்சே இல்லை. இப்படிப்பட்டவன்தான் அறுபத்து நான்காம் வருஷம் ஈஸ்டர் பாஸ்கா முடிந்த கையோடு, தன் கல்யாணத்திலேயே ஒரு திருட்டு வேலை செய்தான். எல்லாம் ஒரு பூனைக்காக.

பூனை இருதயமேரியுடையது. அவன் மனைவி. மஞ்சள்காமாலையில் அவள் போய்ப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது. பிள்ளை இல்லாத வீட்டில், மீன்காரியின் பின்னால் ஓடி வந்த செம்பட்டைக் குட்டி ஒன்றைத் தூக்கி வந்து, செவலை என்று பெயர் வைத்து, தன் தட்டிலேயே சோறு வைத்து வளர்த்தாள். ஆஸ்பத்திரியில் கடைசியாகத் தெளிந்து பேசிய அன்று, அவனைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "செவலைய மட்டும் வெரட்டிராதிய" என்றாள். சரி என்று தலையாட்டினான்.

வருஷப் பூசை முடிந்ததும் அவள் துணிகளை வழக்கப்படி ஏழைகளுக்குக் கொடுத்தான். கட்டிலுக்கடியில் கிடந்த நீலக் கட்டம் போட்ட சேலையை மட்டும் எடுக்க முடியவில்லை. செவலை அதன்மேல் படுத்திருந்தது. டிரங்குப் பெட்டியின் அடியில் ஒரு ரவிக்கையும் தங்கிவிட்டது. அதை அவன் கவனிக்கவில்லை.

அவள் போன நாளிலிருந்து அந்தப் பூனைக்குச் சேலை கட்டிய யாரையும் ஆகாது. ஜெபம் சொல்ல வந்த பெண்களைப் பிறாண்டியது. பரிதாபப்பட்டு வீடு பெருக்க வந்த பக்கத்து வீட்டு அன்னத்தாயின் மணிக்கட்டைக் கிழித்தது. ஆண்களை ஏறிட்டும் பார்க்காது.

இந்த நிலையில்தான் மாஹிமிலிருந்து சகாயராணியின் சம்பந்தம் வந்தது. அப்பன் இல்லாத வீட்டில் தம்பிகளை ஆளாக்கியதில் முப்பது வயதாகிவிட்ட பெண். இரண்டு முறை பார்த்தான், பிடித்திருந்தது. பிடித்திருந்ததே அவனுக்கு உறுத்தியது. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று கோயிலில் மூன்று ஞாயிறு ஓலை வாசித்த பிறகுதான் தாலி. முதல் ஓலையில் "மனைவியை இழந்த மரியஅந்தோணி" என்று சாமியார் வாசித்தபோது, எதையோ செய்துவிட்டு அகப்பட்டவனைப் போலத் தலையைக் குனிந்துகொண்டான்.

அன்னத்தாய் அன்று வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "புதுசா வாரவளையும் இது பிறாண்டிச்சுன்னா, சாக்குல கட்டி முலுண்டுல கொண்டு விட்டுட்டுதான் அவ ஆளுக மறுசோலி பாப்பாவ. சொல்லிட்டேன்" என்றாள். வழியும் அவளே சொன்னாள். அந்தப் பெண் உடுத்திய துணி ஒன்றைக் கொண்டுவந்து நீலச் சேலையோடு போட்டு வைத்தால், மோந்து மோந்து பழகிக்கொள்ளுமாம்.

கல்யாணத்துக்கு முன்னால் ஒரு பெண் உடுத்திய துணியை எந்த வாயால் கேட்பது? இரண்டு நாள் யோசித்தான். கல்யாணச் சேலையும் ரவிக்கையும் மாப்பிள்ளை வீட்டுச் சீர். ரவிக்கை தைக்க அளவுக்கு ஒன்று பெண்வீட்டில் வாங்கித்தானே ஆகவேண்டும்? மாஹிமுக்குப் போனான். சகாயராணியின் தம்பி ஏசுதாஸ் பேப்பரில் சுற்றிய பச்சை ரவிக்கையைக் கொடுத்து, "அக்காவுக்குத் தோள் ஒடுக்கம், தையக்காரர்ட்ட சொல்லிருங்க மச்சான்" என்றான். மச்சான் தையல்காரர் கடையைத் தாண்டி நேரே வீட்டுக்கு வந்து, அதைக் கட்டிலுக்கடியில் போட்டான்.

செவலை மோந்து பார்த்துவிட்டு இரண்டு நாள் டிரங்குப் பெட்டிமேல் போய்ப் படுத்தது. மூன்றாம் நாளிலிருந்து அவன் நெத்திலித் தலைகளைப் பச்சை ரவிக்கையின் ஓரத்தில் வைத்தான். இரண்டாம் ஓலைக்குள் அது அதன்மேல் தலைவைத்துத் தூங்கியது. சந்தோஷப்பட வேண்டியவன் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். ஒரே வாரத்தில் மேரியை மறந்துவிட்டதே என்று அதன்மேல் கோபம் வந்தது. மறக்கச் சொல்லிக்கொடுத்தது யார் என்று அடுத்த நொடியே உறைத்தது.

அதற்குள், கல்யாண ரவிக்கைத் துணியை முன்பே வாங்கி வைத்திருந்த தையல்காரர் நாகூர் மீரான் ஆள் அனுப்பிவிட்டார். நாளைக்குள் அளவு வந்தால்தான் உண்டு என்றார். பச்சை ரவிக்கை முழுக்க ரோமம், நகம் பட்ட இழுப்பு. உருவி எடுத்தால் பட்ட பாடெல்லாம் வீண். என்ன செய்வதென்று தெரியாமல் டிரங்குப் பெட்டியைக் குடைந்தபோது அடியில் கிடந்த ரவிக்கை கையில் வந்தது. இரண்டு பேரும் ஒரே உயரம்தானே என்று மனதைச் சமாதானம் செய்துகொண்டு அதைக் கொண்டுபோய்க் கொடுத்தான். மீரான் தையலைத் திருப்பிப் பார்த்தார். "இது நான் தச்சதுல்லா?" என்றார். அவன் அவசரமாகப் படியிறங்கினான்.

கல்யாணம் திங்கட்கிழமை காலையில் நடந்தது. ரவிக்கை சகாயராணியின் தோளில் நிற்கவில்லை, கை முழங்கையைத் தொட்டது. ஐந்து ஊக்கு குத்தி, அதன்மேல் முக்காட்டை இழுத்துவிட்டுப் பீடத்துக்குக் கூட்டி வந்தார்கள். விருந்தில் பெண்கள் தையல்காரரைக் கிழிகிழி என்று கிழித்தார்கள். மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்த மீரான் நிமிராமல் சாப்பிட்டுவிட்டுப் போனார். அந்த மனுஷன் வாய் திறந்திருந்தால்கூட அந்தோணிக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

மத்தியானம் புதுப்பெண் அவன் வீட்டுக்குள் வந்தபோது அன்னத்தாய் விளக்குமாற்றோடு தயாராக நின்றாள். செவலை வெளியே வந்தது. சகாயராணியின் காலை மோந்தது, ஒரு சுற்றுச் சுற்றியது, அவள் உட்கார்ந்ததும் மடியில் ஏறிச் சுருண்டது. அன்றைக்கு முதல் தடவையாக அவள் சிரித்தாள். தன்னை முன்னாலேயே தெரியும் போலிருக்கிறது என்றாள். வந்தவர்களெல்லாம் அதிசயப்பட்டார்கள்.

எல்லோரும் போனபின் பூனை கட்டிலுக்கடியில் நுழைந்தது. எங்கே படுக்கிறது என்று குனிந்து பார்த்தவள், பச்சை ரவிக்கையை வெளியே இழுத்தாள். கூடவே நீலச் சேலையும் வந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்துப் பார்த்தாள்.

"இது இங்க கெடக்குன்னா, நான் போட்டிருக்கது யாரு அளவு?"

சொல்லிவிட்டான். ஆஸ்பத்திரியில் கொடுத்த வாக்கு, அன்னத்தாய் சொன்ன வழி, நெத்திலித் தலை, டிரங்குப் பெட்டி எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னான். அழுவாள், அல்லது மாஹிமுக்குக் கிளம்பிவிடுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, ஊக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றி ஜன்னல் கட்டையில் வைத்தாள்.

"அக்காவுக்கு இது சரியா இருந்துச்சா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். ஒன்பது வருஷம் ஒரே அறையில் இருந்தவள். பூனையைக் கூப்பிடுகிற குரல் நினைவிருந்தது. மீன் கழுவுகிற கை நினைவிருந்தது. தோளில் ரவிக்கை நின்றதா, நழுவியதா, அவளும் ஊக்குக் குத்தியிருந்தாளா என்று எவ்வளவு தேடியும் வரவில்லை.

"நான் பாத்ததில்ல" என்றான்.