மாமா செய்த முழுங்கி

ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் திரும்பி வந்தபோது உறவினர் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "அப்புறம், என்ன பண்றதா உத்தேசம்?" மாமா மட்டும் அதைக் கேட்கவில்லை. நான் பெட்டியைக் கீழே வைப்பதற்குள் என்னைச் சமையலறைக்கு இழுத்துப்போய், மேடைமேல் இருந்த ஒரு தகரப் பெட்டியைக் காட்டினார். அதன் முன்பக்கத்தில் ஒரு மரக்கட்டை நீட்டிக்கொண்டிருந்தது.

"இந்தக் கட்டையை ஒரு தட்டுத் தட்டு."

தட்டினேன். கீழே இருந்த ஓட்டை வழியாக ஒரு வேர்க்கடலை விழுந்தது.

"இன்னொரு தட்டு."

இன்னொரு கடலை. பேரப்பிள்ளையின் முதல் பல்லைக் காட்டுகிறவரைப் போல மாமா பூரித்துப்போய் நின்றார்.

"கரடிக்கு" என்றார்.

"பேருதான் கரடிக்கு" என்றாள் அத்தை, அடுப்பிலிருந்து திரும்பாமலே. "இத்தனை நாளா தட்டித் தட்டித் தின்னது நான். நல்லவேளை நீ வந்த. இனி உன் முறை."

மாமா என் அம்மாவின் தம்பி. ரயில் நிலையத்திலும் ஆஸ்பத்திரி வராந்தாவிலும் நிற்குமே, காசு போட்டுப் பொத்தானை அழுத்தினால் பிஸ்கட்டும் டீயும் தருகிற இயந்திரங்கள், அவற்றைப் பழுது பார்ப்பதிலேயே வயதைக் கழித்தவர். காசை வாங்கிக்கொண்டு சரக்கைத் தராத இயந்திரத்துக்கு அந்தத் தொழிலில் 'முழுங்கி' என்று பெயர். மாமாவுக்கு உலகத்தில் இருந்த ஒரே எதிரி முழுங்கிதான். யாராவது உதைத்து நசுக்கிய தகரத்தை நிமிர்த்திக்கொண்டே, "ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்சு உட்கார்ந்திருக்கிறவன், ஒரு டீக்கு வந்திருக்கான். அவனைப் போய் ஏமாத்தலாமா?" என்று இயந்திரத்தைக் கேட்பார். இயந்திரம் வருத்தம் தெரிவித்ததாகத் தகவல் இல்லை.

பிறகு கம்பெனி பழைய இயந்திரங்களை எல்லாம் மாற்றியது. கை பழகிய ஆட்களையும் கூடவே மாற்றியது. விலங்குக் காப்பகத்தில் தண்ணீர் மோட்டாரைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடினார்கள். மாமா போனார்.

அங்கேதான் 'மேனேஜர்' இருந்தது. அது ஒரு பெண் கரடி. அந்தக் காப்பகத்தில் அந்தப் பதவிக்கு வந்த ஒரே பெண் அதுதான். காலையிலிருந்து மாலைவரை ஒரு வேலையும் செய்யாமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே இருக்கும் என்பதால் வந்த பெயர். நடக்கிற இடத்துக்குப் பின்னால் சுவரில் மலையும் அருவியும் வரைந்து, 'இயற்கைச் சூழல்' என்று பலகை மாட்டியிருந்தார்கள். பலகை இல்லையென்றால் கரடிக்குத் தெரியாமல் போய்விடுமே! விளையாடுவதற்கு ஒரு டயர். வருஷத்துக்கு ஒரு தடவை அதற்கு வேறு நிறம் அடித்து, 'புதிய ஏற்பாடு' என்று படம் எடுத்துப் போடுவார் காப்பக இயக்குநர். டயரும் அதே, கரடியும் அதே. சட்டைதான் புதிது, இயக்குநருடையது.

நடந்து நடந்து மேனேஜருக்கு உள்ளங்கால் கிழிந்து புண்ணாகியிருந்தது. மருந்து போட்டால் மறுநாளே நடந்து பிய்த்துக்கொள்ளும். விலங்கு டாக்டர், என் வயதுப் பெண், மாமாவிடம் வெளிப்படையாகவே சொல்லிவிட்டாள்: "நடை நிக்கணும் சார். இந்த மாசத்துக்குள்ள கால் ஆறலைன்னா உள் அறையில போட்டு, மருந்து கொடுத்துப் படுக்க வச்சிருவோம். அதுக்கப்புறம் வெளிய வருமான்னு என்னால சொல்ல முடியாது."

அந்த உள் அறைக்குக் குழாய் போட்டதே மாமாதான். அதில் ஜன்னல் கிடையாது என்று அவருக்குத் தெரியும். அதனால்தான் தகரப் பெட்டி.

பெட்டியைப் பெரிதாக இரும்பில் செய்து சுவரோடு பூட்டினார்கள். மேனேஜர் ஒரே மத்தியானத்தில் கற்றுக்கொண்டது. தட்டியது, கடலை விழுந்தது. தட்டியது, பேரீச்சம்பழம் விழுந்தது. இயக்குநர் புதுச் சட்டையில் வந்து, 'எங்கள் கண்டுபிடிப்பு' என்று பெட்டிக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார். மாமா அந்தப் படத்தில் ஒரு முழங்கையாக இருக்கிறார்.

அந்த வாரக் கடைசியில் மாமாவோடு நானும் போய்ப் பார்த்தேன். மேனேஜர் நடந்துகொண்டிருந்தது. பெட்டிப் பக்கம் வரும்போது நடையை நிறுத்தாமலே ஒரு தட்டு. கடலை வாய்க்குள் போனது. அந்தக் கோடிக்குப் போய்த் திரும்பி வருகையில் மறு கையால் ஒரு தட்டு. ரயிலுக்கு ஓடுகிறவன் போகிற போக்கில் டீ வாங்குவானே, அதே லாகவம். பெட்டிக்குக் கீழே ரத்தக் கறையோடு பாதச் சுவடு.

"உங்க மெஷின் ரொம்ப நல்ல மெஷின் சார்" என்றாள் டாக்டர். "அதான் தப்பு. தட்டினா வரும்னு அதுக்குத் தெரிஞ்சுபோச்சு. காட்டுல எந்த மரம் அப்படித் தருது? ஒரு கட்டையில எறும்பு இருக்கும், அடுத்ததுல இருக்காது. நின்னு மோந்து பார்க்கணும், யோசிக்கணும். நீங்க அதுக்குக் கொஞ்சம் தண்ணி காட்டணும்."

"தண்ணிதான் தொட்டி நிறைய இருக்கே. நான்தானே மோட்டார் போடறேன்" என்றார் மாமா விறைப்பாக. புரியாமல் சொன்னதல்ல. நன்றாகப் புரிந்துவிட்டதால் சொன்னது.

வீட்டுக்கு வந்ததும் ஆணியில் சட்டையை மாட்டிவிட்டு, "என்னை முழுங்கி செய்யச் சொல்றாங்க" என்றார். கொலை செய்யச் சொன்னது போன்ற குரல்.

"செஞ்சு கொடுங்களேன்" என்றாள் அத்தை.

"வாயில்லா ஜீவன்டி. நம்பித் தட்டுது. அதை ஏமாத்தச் சொல்றியா?"

"ஏன், வாயுள்ள ஜீவனை ஏமாத்தலையா? ஞாயித்துக்கிழமை கடற்கரைக்குப் போலாம்னு எத்தனை தடவை சொல்லியிருப்பீங்க? எத்தனை தடவை போனோம்?"

"போனோமே! போகலையா?"

"பத்துக்கு ஒண்ணு. எந்த ஞாயிறுன்னு தெரியாம, வாராவாரம் நானும் தலை சீவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு வாரமும் ஒழுங்கா கூட்டிட்டுப் போயிருந்தா, எனக்கு அலுத்துப்போய் எப்பவோ எங்கம்மா வீட்டுக்குப் போயிருப்பேன்."

நான் சிரிப்பை அடக்க ஒரு டம்ளர் தண்ணீருக்குள் முகத்தை விட்டேன்.

"அப்போ நான் முழுங்கியா?" என்றார் மாமா.

"நல்லா ஓடற முழுங்கி" என்றாள் அத்தை. "போங்க, போய் வேலையைப் பாருங்க."

பார்த்தார். ஒரு ஓட்டை நான்கு ஓட்டையானது. உள்ளே ஒரு சக்கரம்; அது எந்தத் தட்டுக்கு எந்த ஓட்டை வழியாகத் தரும், எந்தத் தட்டுக்குத் தராது என்பது சக்கரத்துக்கே தெரியாது. எல்லாம் முடிந்த பிறகும் மனசு கேட்காமல், ஒன்றும் விழாத தட்டுக்கு மட்டும் எரியும்படி ஒரு சிவப்புப் பல்பைப் பொருத்தினார். பழைய இயந்திரங்களில் 'மன்னிக்கவும்' என்று எரியுமே, அதே எழுத்தோடு.

"கரடிக்குப் படிக்கத் தெரியாது மாமா" என்றேன்.

"நமக்கு மரியாதை தெரியும்ல?" என்றார்.

பெட்டியை மாட்டிய அன்று மாமா, டாக்டர், நான் மூவரும் தடுப்புக்கு வெளியே நின்றோம். மேனேஜர் வந்தது, நடையை நிறுத்தாமல் தட்டியது. ஒன்றும் வரவில்லை. பல்பு எரிந்தது. இரண்டடி போனது. நின்றது. திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதைப் பொதுஜனத்தின் முகத்தில் மாமா வாழ்நாள் முழுக்கப் பார்த்திருக்கிறார். திரும்பி வந்து மறுபடி தட்டியது. கோடி ஓட்டையில் ஏதோ விழுகிற சத்தம். மோந்து மோந்து அதைக் கண்டுபிடித்தது. மறுபடி தட்டியது, பல்பு. பெட்டியில் காதை வைத்துக் கேட்டது. ஓட்டைக்குள் நாக்கை விட்டுத் துழாவியது. பிறகு, காப்பகத்துக்கு வந்தபின் பகல் வேளையில் முதல்முறையாக, பின்பக்கம் தரையில் பட உட்கார்ந்து, பெட்டியை ஓங்கி ஒரு அறை விட்டது.

"அடி" என்றார் மாமா. "நல்லா அடி. நான் ஒடுக்கு எடுத்துக்கறேன்."

மேனேஜர் நடையை அடியோடு விட்டுவிடவில்லை. சாயங்காலம் கொஞ்சம் நடக்கத்தான் செய்கிறது. ஆனால் மாசக் கடைசியில் உள்ளங்காலைப் பார்த்த டாக்டர், தோல் கூடிவிட்டது, உள் அறை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அந்த அறையில் இப்போது டயர் இருக்கிறது.

போன வாரம், குழந்தையைத் தோளில் வைத்திருந்த ஒருவர், கையில் ஸ்பேனரோடு போய்க்கொண்டிருந்த மாமாவைப் பிடித்துக்கொண்டார்.

"யோவ், நீதானே இங்க மெக்கானிக்? அந்தக் கரடி பாவம், எவ்வளவு நேரமா தட்டுது! சிவப்பு லைட்தான் எரியுது. உங்க மெஷின் நல்லா முழுங்குதுய்யா!"

மாமாவின் காது சிவந்தது. என்னைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், அதன் எதிரில் சம்மணம் போடாத குறையாக உட்கார்ந்திருந்த மேனேஜரைப் பார்த்தார். ஸ்பேனரைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"ஆமாங்க" என்றார். "அது முழுங்கிதான். நான்தான் செஞ்சேன்."