கடைசிப் பெயருக்குக் கீழே

பாகூர் தாண்டி உள்ள கல்லறைத் தோட்டம் முழுக்கச் சுண்ணாம்பு வாசம். நாளை கல்லறைத் திருநாள். வாசலருகே படுக்கை வசமாகப் பதித்த போர் நினைவுக்கல்லில், பிரெஞ்சுப் பட்டாளத்தோடு போய்த் திரும்பாத எங்கள் ஊர்க்காரர் பதினோரு பேரின் பெயர்கள் தேய்ந்து கிடக்கின்றன. நான்காவது, என் கொள்ளுத்தாத்தா. சின்ன வயதில் அப்பா தீக்குச்சி கிழிக்க, அந்தப் பெயருக்குப் பக்கத்தில் நான் மெழுகுவத்தி ஒட்டுவேன். கடைசிப் பெயருக்குக் கீழே வெறும் இடத்திலும் எப்போதும் மெழுகு வழிந்திருக்கும். யாரோ இடம் தவறி ஒட்டியது என்று நினைத்துக்கொள்வேன்.

இன்று, தேய்ந்த அந்த நினைவுக்கல்லுக்குப் பதிலாகப் புதுக்கல் வைக்க அளவெடுக்கிறேன். அதே வெறும் இடத்தில் படிந்த பழைய மெழுகை ஒரு நடுவயதுப் பெண் சுரண்டிக்கொண்டிருக்கிறார். அங்கே பெயரே இல்லையே என்கிறேன்.

"எங்கப்பாவோட தாத்தா, சார். இவங்களுக்குச் சமைக்கப் போனவரு. அவுரும் திரும்பல. துப்பாக்கி புடிச்சவங்க பேரத்தான் வெட்டுனாங்களாம்."

"புதுக்கல்லுல அவர் பேரையும் வெட்டிடலாம். சொல்லுங்க."

அவர் கை நிற்கிறது.

"பேரு இன்னான்னு எங்கப்பாவுக்குத்தான் தெரியும். அவரும் போயிட்டாரு. கீழ கொஞ்சம் எடம் மட்டும் வுட்டு வைங்க, சார்."