குளத்துக்காரி ஓடையில் நின்ற நாள்

நான் பிறந்தது இலங்கையில், மொனராகலைப் பக்கம் ரப்பர் தோட்டத்தில். தோட்டத்துக்குக் கீழே முதலைக் குளம். அதில்தான் நீந்தப் பழகினேன். எழுத்து எனக்கு அவ்வளவாக வராது, நீச்சல் வரும். தண்ணீர் திடீரென்று கலங்கினால் அடியில் ஏதோ நகர்கிறது என்று அர்த்தம். பக்கத்துப் பாறையில் ஏறி, தெளியும்வரை அசையாமல் நிற்போம்.

சுதந்திரம் கிடைத்துச் சில வருசத்தில் கல்யாணமாகி, ஹல்துமுல்லைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு வந்தேன். லயத்து வரிசை வீடுகளில் இருந்த பெண்கள் ஞாயிற்றுக்கிழமை ஓடைக்கரையில் உட்கார்ந்து செம்பால் மொண்டு குளிப்பார்கள். நான் நடுவே ஆழத்தில் நீந்துவேன்.

"பாருங்கடி, முதலக்குட்டி எறங்கிருச்சு!" என்பாள் எங்கள் அறைக்கு அடுத்த காம்பராவில் இருந்தவள். மற்றவர்கள் சிரிப்பார்கள். நான் பதில் சொல்வதில்லை. புருஷனும் பேசாத ஆள். சில நாள் என் குரலையே நான் கேட்டிருக்க மாட்டேன். காலில் அட்டை கடித்தால்கூட, இதாவது துணைக்கு வந்ததே என்று பிடுங்காமல் விட்டிருக்கிறேன்.

ஒரு ஞாயிறு, நல்ல வெயில். நீந்தும்போது தண்ணீர் கலங்கியது. நடுப்பாறையில் ஏறி அசையாமல் நின்றேன்.

"ஏ முதல, கரைக்கு வா!"

அடுத்த காம்பராக்காரியின் வழக்கமான கேலி என்று நான் திரும்பவில்லை.

"அடியே, மேமலையில மழடி! வெள்ளம் வருது! செலையாட்டம் நிக்கிறியே!"

அதற்குள் தண்ணீர் பாறையை மூடி முழங்காலுக்கு வந்துவிட்டது. என் நீச்சல் அந்த வேகத்துக்கு ஆகாது, பார்த்ததும் தெரிந்தது. கூப்பிட வாயைத் திறந்தேன். என்னவென்று கூப்பிடுவது? அவளை ஒரு நாளும் முறை சொல்லி அழைத்ததில்லை.

"அக்கா!" என்றேன்.

துவைக்க வைத்திருந்த சேலைகளை முடிந்து வீசினாள். முதல் தடவை தவறியது. மறுபடி வீசினாள். இடுப்பில் சுற்றிக்கொண்டு குதித்தேன். எல்லோரும் சேர்ந்து இழுத்தார்கள். முட்டி இரண்டும் கல்லில் கிழிந்தன.

"ஒனக்கு வாய் இருக்காடி! ஊமைன்னுல்ல நெனச்சேன்," என்றாள், மூச்சு வாங்க.

அடுத்த ஞாயிறு அவர்கள் குளித்துப் போகும்வரை காத்திருந்து, தனியாகத்தான் இறங்கினேன். பயமாக இருந்தது. ஆனாலும் இறங்கினேன். நிமிர்ந்து பார்த்தால் மேல்பாறையில் அக்கா, ஈரத்தலையோடு, மலையைப் பார்த்தபடி.

"சீக்கிரம் குளிடி," என்றாள். "எனக்குக் குளுருது."