நோன்புக் கஞ்சி வரிசையில் சோலார்

முடிச்சூரில் ஒரு பள்ளிவாசல் சந்தில் நோன்புக் கஞ்சிக்கு வரிசை நிற்கிறது. எம்.எல்.ஏ.வுக்குக் கொடுக்கவேண்டிய கையெழுத்துத் தாள்களோடு நானும் நிற்கிறேன். சொந்த மொட்டைமாடி இல்லாதவர்களும் வேறொரு கூரையின் சோலாரில் பங்கு வாங்கி, அந்த மின்சாரத்தைத் தங்கள் பில்லில் கழித்துக்கொள்ள மாநிலத்தில் சட்டம் வேண்டும். இதைச் சொல்லத்தான் மதுரையிலிருந்து ஊர் ஊராக வருகிறேன். காலையில் வண்டலூர் ஃப்ளாட் ஒன்றில் பேசியதில் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

எனக்கு முன்னால் நிற்பவர் ஷகிலா, தையல்கடை வைத்திருக்கிறார். “மாடி ஓனரோடது. துணி காயப்போடவே வுட மாட்டாரு. எங்கியோ இருக்கிற கரண்டு என் வூட்டுக்கு எப்புடிக்கா வரும்?”

நான் மீட்டர், யூனிட் என்று ஆரம்பிக்கிறேன். எனக்கே கொட்டாவி வருகிறது.

அதற்குள் அண்டாவைத் திறக்கிறார்கள். பூண்டும் வெந்தயமும் மணக்கின்றன. திருநீறு பூசிய டீச்சரம்மா ஒருவரும் தூக்கோடு நிற்கிறார். ஷகிலா அண்டாவையும் வரிசையையும் மாறி மாறிப் பார்க்கிறார்.

“இருங்க, இருங்க. அரிசி தெருவே சேந்து குடுத்தது. அடுப்பு இங்க ஒண்ணுதான். அவங்கவங்க பங்கை அவங்கவங்க தூக்குல வாங்கினு போறோம். இதானே?”

“இதேதான்!”

“இதுக்கு இன்னாத்துக்குக்கா சட்டம்?”

“கஞ்சிக்கு வேணாம்மா. கரண்டுக்கு வேணும். சட்டசபையில போட்டாத்தான் பில்லுல கழிப்பாங்க.”

ஷகிலா கையெழுத்துப் போட்டுப் பேனாவை டீச்சரம்மாவிடம் நீட்டுகிறார்.

“எம்.எல்.ஏ.வுக்கு வெறும் தாளு பத்தாதுக்கா. நாளைக்கு ஒரு தூக்கு எடுத்துனு வந்து இந்த வரிசைல நிக்கச் சொல்லுங்க.”